பச்சை மின்சாரம் விற்க வாசலுக்கு ஆள் வந்தால்

கேள்வி: பினாங்கு சுங்கை ஆராவில் இரட்டை மாடி டெரஸ் வீட்டில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பகலில் மாமியார் மட்டும்தான் வீட்டில். சென்ற மாதம் 720 யூனிட் ஓடியிருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் அக்கா பசுமை மின்சாரம் விற்கும் நிறுவனம் ஒன்றுக்கு மாறிவிட்டார். போன வாரம் எங்கள் தாமானுக்கு ஒருவர் வந்து, "சட்டம் மாறிவிட்டது, இனி டிஎன்பி (தெனாகா நேஷனல் மின்நிறுவனம்) தேவையில்லை, எங்களிடமே பச்சை மின்சாரம் வாங்கலாம்" என்றார். பில்லைப் படம் எடுத்தார், கையெழுத்தும் 500 ரிங்கிட் முன்பணமும் வாங்கிக்கொண்டு போனார். இவர்களை நம்பலாமா? வேறு நல்ல நிறுவனம் இருக்கிறதா? புக்கிட் ஜம்புல் கொண்டோவில் இருக்கும் என் தம்பியும் இதையே கேட்கிறான்.
– வாசகி, சுங்கை ஆரா

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த 500 ரிங்கிட். வீடு தேடி வந்து விற்றவரிடம் போட்ட ஒப்பந்தத்தை 10 வேலை நாளுக்குள் ரத்து செய்ய 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. ஒரு வாரம் ஏற்கனவே போய்விட்டது. ரத்து செய்கிறேன், முன்பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று நாலு வரி எழுதி, ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கு இன்றே பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். அதன் படத்தை அந்த ஆளின் வாட்ஸ்அப்புக்கும் அனுப்புங்கள். தொலைபேசியில் சொல்வது கணக்கில் வராது. பணம் திரும்பவில்லை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே 50,000 ரிங்கிட் வரையிலான வழக்கைக் கேட்கிறார்கள், கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் தேவையில்லை. மனு எழுதத் தெரியவில்லை என்றால் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தில் உதவி கேளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். தீபகற்ப மலேசியாவில் ஒரு வீடு தன் மின்சாரத்தை யாரிடம் வாங்குவது என்று தேர்ந்தெடுக்க முடியாது. கம்பியும் மீட்டரும் பில்லும் டிஎன்பியுடையவை. சபா, சரவாக்கில் வேறு பெயர், ஆனால் அங்கும் ஒரே நிறுவனம்தான். சில்லறை விற்பனையைப் போட்டிக்குத் திறந்துவிடும் திட்டம் 2019-இல் அறிவிக்கப்பட்டது. வீடுகள் வரை அது வந்து சேரவில்லை. "சட்டம் மாறிவிட்டது" என்று அவர் சொன்னதில் கால்வாசி உண்மை உண்டு: 2024-லிருந்து பெரிய நிறுவனங்கள், டிஎன்பி கம்பிகளுக்கு வாடகை கட்டி, சூரிய மின்நிலையங்களிடம் நேரடியாக வாங்க வழி செய்திருக்கிறார்கள். அது பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு. உங்கள் வீட்டு மீட்டருக்கு அதில் இடமில்லை. உங்களிடம் வந்தவர் பெரும்பாலும் கூரை சோலார் விற்பவராக இருப்பார். அதை நேராகச் சொல்லாமல் மின்சார நிறுவனம் மாதிரி பேசியிருக்கிறார். சோலார் கெட்ட பொருள் இல்லை. ஆனால் முதல் வரியிலேயே சுற்றிப் பேசுகிறவரின் 20 வருட ஒப்பந்தம் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் நிலைமை வேறு. சிங்கப்பூரில் 2018 நவம்பரிலிருந்து வட்டாரம் வட்டாரமாகச் சந்தையைத் திறந்து, 2019 மே மாதத்தில் எல்லா வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். கம்பியும் மீட்டரும் பழைய மின்நிறுவனமான எஸ்பி குழுமத்திடமே இருக்கின்றன, மாறுவது விலையும் ஒப்பந்தமும்தான். "பசுமைத் திட்டம்" எடுத்தவர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே கரண்டுதான் வருகிறது. வித்தியாசம், அவர் எரித்த அளவுக்கு நிறுவனம் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றிதழ் வாங்கிக் கணக்கு முடிக்கிறது என்பதில்தான். ஆகவே அக்கா கேட்க வேண்டியவை சில உண்டு. சான்றிதழ் எந்த நாட்டு ஆலையினுடையது, ஆலை எந்த ஆண்டு கட்டியது, முழுப் பயன்பாட்டுக்குமா அல்லது ஒரு பங்குக்கு மட்டுமா? விலை நிலையானதா, எஸ்பி கட்டணத்தில் தள்ளுபடியா? நடுவில் விலகினால் எவ்வளவு அபராதம்? இன்னொன்றையும் அக்கா மறக்கக்கூடாது. 2021 கடைசியில் மொத்த விலை ஏறியபோது சில விற்பனையாளர்கள் கடையை மூடினார்கள், வாடிக்கையாளர்கள் எஸ்பி-க்கே திரும்ப வேண்டி வந்தது. அடிமட்ட விலை சொல்லும் நிறுவனத்தில் இரண்டு வருடம் கட்டுப்படும் முன் இதை நினைத்துக்கொள்ளட்டும்.

உங்களுக்கு இங்கே இருக்கும் வழிகள் மூன்று: யூனிட்டைக் குறைப்பது, டிஎன்பியிடமே பசுமைக் கட்டணத்துக்குப் பதிவது, கூரையில் சோலார். நான் சொல்லும் வரிசையும் அதுதான். காரணம் உங்கள் பில்லிலேயே இருக்கிறது.

2025 ஜூலையிலிருந்து வீட்டுக் கட்டணம் பிரித்துப் போடப்படுகிறது. மாதம் 1,500 யூனிட்டுக்குள் இருந்தால், ஆற்றலுக்கு யூனிட்டுக்கு 27.03 சென், கொள்திறனுக்கு (மின்நிலையங்களைத் தயாராக வைத்திருக்க) 4.55, கம்பிக்கு 12.85. மொத்தம் 44.43 சென். இதிலிருந்து சிக்கன ஊக்கத்தொகை ஒன்றைக் கழிக்கிறார்கள். 1,000 யூனிட்டைத் தாண்டாத வீடுகளுக்கு இது உண்டு. எவ்வளவு குறைவாக எரிக்கிறீர்களோ அவ்வளவு அதிகம் கிடைக்கும். உங்கள் மொத்த யூனிட் எந்தப் படியில் விழுகிறதோ, அந்தப் படியின் கழிவு அந்த மாதத்தின் எல்லா யூனிட்டுக்கும் பொருந்தும், மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டுமல்ல. இதைப் பலர் கவனிப்பதில்லை.

உங்கள் 720 யூனிட்டைப் போட்டுப் பார்ப்போம். 720-ஐ 44.43 சென்னால் பெருக்கினால் 319.90 ரிங்கிட். 701 முதல் 750 வரை கழிவு 4.5 சென், அதாவது 32.40. 600-ஐத் தாண்டியதால் சில்லறைக் கட்டணம் 10 ரிங்கிட் சேரும். ஆக 297.50. இதற்கு மேல் 600-ஐத் தாண்டிய பகுதிக்கு 8 விழுக்காடு சேவை வரியும், மாதாமாதம் ஏறி இறங்கும் எரிபொருள் சரிக்கட்டலும் உண்டு. இப்போது இதையே 590 யூனிட்டாக வைத்துப் பாருங்கள். 262.14. கழிவு 9 சென், அதாவது 53.10. சில்லறைக் கட்டணம் இல்லை, சேவை வரி இல்லை, சரிக்கட்டலும் இல்லை. பில் 209 ரிங்கிட். 130 யூனிட் குறைத்ததற்கு 88 ரிங்கிட் மிச்சம், யூனிட்டுக்கு 68 சென் விழுகிறது. இந்த மிச்சத்துக்குக் கூரையில் சோலார் போட வேண்டிய அவசியமே இல்லை. 600-இல் நிற்கும் பில் 212.58, 601 ஆனால் 232-ஐத் தொடும். ஒரே ஒரு யூனிட்டுக்கு 19 ரிங்கிட்! மாதக் கடைசியில் மைடிஎன்பி செயலியைத் திறந்து பார்ப்பது இதற்காகத்தான். ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் அன்றாடக் கணக்கே தெரியும்.

130 யூனிட் என்பது ஒரு நாளைக்கு நாலு யூனிட்டுக்குக் கொஞ்சம் அதிகம். எங்கே எடுப்பது? உடனடியாகச் சுடவைக்கும் குளியலறை ஹீட்டர் பெரும்பாலும் 3.6 கிலோவாட். நாலு பேர் பத்துப் பத்து நிமிடம் குளித்தால் 2.4 யூனிட். பினாங்கு வெயிலில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கும் நாட்களில் அதை அணைத்துவைத்தால் வேண்டிய மிச்சத்தில் பாதி கிடைத்துவிடும். அடுத்து படுக்கையறை ஏர்கோன். பழைய, இன்வெர்ட்டர் இல்லாத ஏர்கோனை 18-இல் வைத்து விடியும்வரை ஓட்டினால் அதன் கம்ப்ரஸர் ஓய்வே எடுக்காது. 25-இல் வைத்து, மேலே மின்விசிறியைப் போட்டு, விடியற்காலை நாலு மணிக்கு அணையும்படி டைமர் வையுங்கள். உள்ளே வடிகட்டியைக் கழுவி எத்தனை மாதமாயிற்று என்றும் பாருங்கள். ஏர்கோன் மாற்றும் எண்ணம் இருந்தால் மஞ்சள் ஒட்டியில் நட்சத்திரத்தை மட்டும் பார்க்காமல், ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும் எண்ணை ஒப்பிடுங்கள். பிளக்கில் செருகினால் கரண்டு குறையும் என்று பசார் மாலாமில் விற்கும் சின்னப் பெட்டிகளைத் தொடாதீர்கள். வீட்டு மீட்டர் கணக்கெடுக்கும் ஆற்றலை அவற்றால் குறைக்க முடியாது.

நேரவாரிக் கட்டணம் என்று ஒன்றும் இருக்கிறது. வார நாட்களில் மதியம் 2 முதல் இரவு 10 வரை ஆற்றல் கட்டணம் 28.52 சென், மற்ற நேரமும் வார இறுதியும் 24.43. உங்களைப் போல இரவில்தான் ஏர்கோன் ஓடுகிறது என்றால் மாதம் பத்து ரிங்கிட்டுக்குப் பக்கத்தில் மிச்சமாகலாம். ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். ஆனால் இது காசுக்கான வழி, பசுமைக்கான வழி இல்லை. இரவில் பெரும்பாலும் ஓடுவது நிலக்கரியும் எரிவாயுவும்தான்.

பசுமைக் கட்டணத் திட்டம் 2022-இல் வீடுகளுக்கும் நடைமுறைக்கு வந்தது. 100 யூனிட் கட்டுகளாகப் பதிந்துகொள்ளலாம். தொடக்கத்தில் யூனிட்டுக்குக் கூடுதலாக 3.7 சென், கட்டுக்கு 3.70 ரிங்கிட். அந்த விலையைப் பிறகு மாற்றியிருக்கிறார்கள், ஆகவே பதிகிற அன்று மைடிஎன்பி தளத்தில் காட்டும் விலையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். கணக்கு எளிது: கூடுதல் விலை எத்தனை சென்னோ, 100 யூனிட்டுக்கு அத்தனை ரிங்கிட். கம்பி மாற்றம், கூரை வேலை, ஒப்பந்தக்காரர் எதுவும் இல்லை.

ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள். டிஎன்பியின் நீர்மின் நிலையங்களும் பெரிய சோலார் பண்ணைகளும் உற்பத்தி செய்ததில் உங்கள் பங்குக்கு ஒரு சான்றிதழ் ஒதுக்குகிறார்கள். கென்யிர், தெமெங்கோர் போன்ற அணைகள் ஏறக்குறைய நாற்பது வருடமாகவும் அதற்கு மேலும் ஓடுகின்றன. உங்கள் பணம் வந்தாலும் வராவிட்டாலும் அவை ஓடும். என் அபிப்பிராயத்தில், வீட்டுக்கு இது ஒரு கொள்கை நிலைப்பாடு, அவ்வளவே. புதிய பசுமை ஆலைகளுக்கு உங்கள் பில்லிலிருந்து ஏற்கனவே பணம் போய்க்கொண்டுதான் இருக்கிறது: 300 யூனிட்டைத் தாண்டும் வீடுகள் கட்டும் 1.6 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நிதிக்குச் செல்கிறது. உங்களுக்கு அது மாதம் ஏறக்குறைய 5 ரிங்கிட்.

இனி சோலார். பழைய திட்டத்தில் கூரையிலிருந்து வெளியே போன ஒரு யூனிட்டுக்கு உள்ளே வந்த ஒரு யூனிட் கழிந்தது. அதற்கான விண்ணப்பம் 2025 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. 2026 ஜனவரியிலிருந்து இருப்பது சோலார் அத்தாப் திட்டம். இதில் வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு ஆற்றல் கட்டணம் மட்டும், அதாவது உங்களுக்கு 27.03 சென் கிடைக்கும். அந்த மாதத்திலேயே கழித்துக்கொள்ள வேண்டும், மிஞ்சியது அடுத்த மாதத்துக்குப் போகாது. வீட்டுக்குள்ளேயே எரித்த யூனிட் மட்டும் 44.43 சென்னை முழுசாக மிச்சம் பண்ணும். ஒரு முனை இணைப்பு உள்ள வீட்டுக்கு 5 கிலோவாட் வரையும், மும்முனைக்கு 15 வரையும் அனுமதி. பழைய "ஒன்றுக்கு ஒன்று" கணக்கை இன்னும் ஒருவர் காட்டினால் அவர் தாளை மடித்துக் கையில் கொடுத்துவிடுங்கள்.

ஆகவே உங்கள் வீட்டில் பகலில் எவ்வளவு எரிகிறது என்பதே முதல் கேள்வி. ஒரு வாரம் காலை 9 மணிக்கும் மாலை 5 மணிக்கும் மீட்டர் எண்ணைக் குறித்து வையுங்கள். வேலை நாள், விடுமுறை நாள் இரண்டும் இருக்கட்டும். மாமியார் மதியம் ஏர்கோன் போடுகிறாரா இல்லையா என்பதிலேயே கணக்கு மாறும்.

பினாங்கில் நிழல் விழாத கூரையில் 1 கிலோவாட் அளவு சோலார் தகடுகள் மாதம் 100 முதல் 115 யூனிட் வரை தரும். ஜனவரி, பிப்ரவரியில் நன்றாக, அக்டோபர் மழையில் குறைவாக. 4 கிலோவாட் என்றால் ஏழெட்டுத் தகடு, ஏறக்குறைய 20 சதுர மீட்டர், மாதம் 420 யூனிட் என்று வைப்போம். அதில் 170 வீட்டில் எரிந்து 250 வெளியே போனால், 75.50-உம் 67.60-உம் சேர்த்து மாதம் 143 ரிங்கிட். விற்பனையாளர் 420-ஐ அப்படியே 44.43-ஆல் பெருக்கி 187 என்று எழுதித் தருவார். தவறு அங்கேதான். 17,000 ரிங்கிட் கேட்கிறார்கள் என்றால் 187-க்கு ஏழரை வருடம், 143-க்குப் பத்து வருடம். உள்ளே வரும் யூனிட் குறைந்து ஊக்கத்தொகைப் படி மேம்பட்டால் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வரலாம், அதை லாபமாக வைத்துக்கொள்ளுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள். துணி துவைப்பதைப் பகல் 11 மணிக்கு டைமரில் போடுவது போன்ற மாற்றங்கள் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 17 சென் கூட்டித் தரும். மாதக் கடைசியில் மிஞ்சியது வீணாய்ப் போவதால், பெரிய அமைப்பு என்றால் பெரிய லாபம் என்ற பேச்சுக்கும் இடமில்லை. முதலில் 590-க்கு இறங்குங்கள், பிறகு அளவு பாருங்கள்.

யாரிடம் போடுவது? செடா எனப்படும் நீடித்த ஆற்றல் மேம்பாட்டு ஆணையத்தில் பதிவு பெற்ற சோலார் சேவை நிறுவனமாக இருக்க வேண்டும். செடா தளத்தில் பட்டியல் இருக்கிறது, பெயரை நீங்களே தேடுங்கள், அவர் காட்டும் அட்டையை நம்ப வேண்டாம். மூன்று நிறுவனங்களிடம் விலை வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் தகடு, அதன் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர் ஆகியவற்றின் மாடல் எண், கிலோவாட்டுக்கு என்ன விலை, ஆண்டுக்கு எத்தனை யூனிட் உத்தரவாதம் என்பது எழுத்தில் இருக்கட்டும்.

கூரை பார்க்க வரும் ஆள் தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டு நீட்டிப்பு, மாமரம் இவற்றின் நிழல் எந்த மணிக்கு எங்கே விழுகிறது என்று கேட்க வேண்டும். தகடுகள் ஒரே தொடரில் இணைந்திருப்பதால் ஒன்றின் மேல் விழும் நிழல் வரிசையையே இழுத்துவிடும். தெற்கா வடக்கா என்பது நமக்குப் பெரிய விஷயம் இல்லை, பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். பழைய வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் அதில் துளை போட விடாதீர்கள். ஓட்டுக் கூரையில் கொக்கி மாட்டும்போது விரிசல் விட்ட ஓடுதான் ஆறு மாதம் கழித்து ஒழுகும். ஒழுகலுக்கு யார் பொறுப்பு, எத்தனை வருடம் என்பது ஒப்பந்தத்தில் வர வேண்டும். நம் ஊர் இடிமின்னலுக்குப் பெயர் போனது, தகட்டிலிருந்து வரும் டிசி பக்கமும் வீட்டுக்குப் போகும் ஏசி பக்கமும் மின்னல் தடுப்பான் இருக்கிறதா என்று பாருங்கள். தகட்டுக் கம்பியின் இணைப்பிகள் இரண்டு பக்கமும் ஒரே தயாரிப்பாக இருக்கட்டும். வேறு வேறு தயாரிப்பைச் செருகினால் தளர்ந்து, சூடேறி, தீப்பிடிக்கும் இடம் அதுதான். தகடுகளுக்கு அடியில் புறாவும் மைனாவும் கூடு கட்டும், ஓரத்தில் வலை போடச் சொல்லுங்கள், பிறகு போட்டால் ஆள் கூலி தனி. கரண்டு போனால் சோலாரும் நின்றுவிடும், பேட்டரி இல்லாமல் இருட்டில் அது உதவாது.

"முன்பணமே வேண்டாம், மாத வாடகை மட்டும்" என்ற திட்டத்தில் கூரை 15, 20 வருடம் கட்டுப்படும். ஆண்டுதோறும் வாடகை எத்தனை விழுக்காடு ஏறும், வீட்டை விற்றால் வாங்குபவர் ஏற்க மறுத்தால் என்ன ஆகும், பத்துப் பன்னிரண்டு வருடத்தில் இன்வெர்ட்டர் மாற்றும்போது யார் செலவு? இந்த மூன்றுக்கும் பதில் அச்சில் இல்லாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கையெழுத்தையும் பில் படத்தையும் வைத்து யாரும் உங்கள் பெயரில் விண்ணப்பம் போட்டிருக்கிறார்களா என்று செடாவிடமும் டிஎன்பியிடமும் ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது.

தம்பிக்கு: கொண்டோவின் கூரை எல்லாருக்கும் பொதுவான சொத்து. நிர்வாகக் குழுவின் சம்மதம் இல்லாமல் அங்கே தனி ஒருவர் சோலார் போட முடியாது. அவர் பெயரில் டிஎன்பி கணக்கு இருந்தால் பசுமைக் கட்டணத்துக்குப் பதியலாம், வாடகைக்கு இருந்து வீட்டுக்காரர் பெயரில் பில் வந்தால் முதலில் பெயரை மாற்ற வேண்டும். லிஃப்ட், கார் நிறுத்துமிட விளக்கு, தண்ணீர்ப் பம்பு எல்லாம் பகலிலும் ஓடுகின்றன. அந்தப் பொது மீட்டருக்குக் கூரை சோலார் போடுவதை ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானமாக வைக்கச் சொல்லுங்கள், பராமரிப்புக் கட்டணம் ஏறாமல் இருக்கும் என்று சொன்னால் கையைத் தூக்குவார்கள்.